144-உம் 60-உம் ஒரே மேசையில்: இரண்டு மானிட்டர் வைத்து விளையாடும்போது எஃப்பிஎஸ் விழுந்தால் என்ன செய்வது

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், பெஸ்தாரி ஜெயா என்று எந்த எஸ்டேட் பட்டணத்துக்குப் போனாலும், கேம் விளையாடும் பிள்ளைகளின் மேசை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். நடுவில் நவம்பர் 11-இன் 11.11 இணைய மலிவு விற்பனையில் வாங்கிய புது 24 அங்குல 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், அதாவது நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிப்பது. பக்கத்தில், ஏதோ ஆபீஸில் கழித்துவிட்டு செகண்ட் ஹேண்ட் கடைக்கு வந்த 19 அங்குல 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். பெரியதில் வேலோரண்ட்டோ டோட்டாவோ ஏதோ ஒரு கேம் ஓடும், சின்னதில் டிஸ்கார்ட் அரட்டையும் யூடியூபும். ஒற்றைத் திரையில் வழுக்கிக்கொண்டு ஓடிய கேம், பக்கத்தில் ஒரு வீடியோவைப் போட்டதும் திக்கத் தொடங்கும்.

"கார்டு பத்தல, ரெண்டு மானிட்டரை இழுக்க முடியல" என்று படத்தை வரையும் கிராஃபிக்ஸ் கார்டின்மேல் கடைக்காரரே பழி போட்டுவிடுவார். பெரும்பாலும் அது சரியில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920-க்கு 1080 திரையின் ஒரு முழுப் படம், புள்ளிக்கு 4 பைட் வீதம் சுமார் 8.3 மெகாபைட்தான் வரும். 4 ஜிகாபைட் மெமரி உள்ள ஜிடிஎக்ஸ் 1650 கார்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சும்மா நிற்கும் இரண்டாவது திரை கார்டைத் தின்பதில்லை. அது எந்த போர்ட்டில் குத்தப்பட்டிருக்கிறது, அதில் என்ன ஓடுகிறது, இரண்டு திரையின் தாளமும், அதாவது ஹெர்ட்ஸ் வேகமும், எங்கே இடிக்கிறது என்பதில்தான் கோளாறு ஒளிந்திருக்கும். புது கார்டுக்குக் காசு சேர்க்கும் முன் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள்.

எண்ணைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்

எஃப்பிஎஸ் என்பது கேம் நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்ற எண். அது திரையில் தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது. வேலோரண்ட்டில் செட்டிங்ஸ், வீடியோ, ஸ்டாட்ஸ் என்று போனால் எண்ணைக் காட்டச் சொல்லலாம். ஸ்டீம் கேம்களுக்கு ஸ்டீம் செட்டிங்ஸில் இன் கேம் பகுதியிலேயே தெரிவு இருக்கிறது. என்விடியா ஆப் போட்டிருந்தால் ஆல்ட் விசையோடு ஆர் எழுத்தைத் தட்டினால் போதும்.

இப்போது பக்கத்துத் திரையில் வீடியோவை ஓடவிட்டு, பயிற்சி மைதானத்தில் ஐந்து நிமிடம் விளையாடுங்கள். எண் நடந்துகொள்ளும் விதமே கோளாறு எது என்று சொல்லிவிடும்.

144-இல் இருந்தது நேராக 60-க்குப் போய் அங்கேயே ஆணி அடித்தாற்போல நின்றால், அது பளு அல்ல. பளு ஏறினால் எண் தள்ளாடும், ஒரே இடத்தில் நிற்காது. கேம் 60 ஹெர்ட்ஸ் திரையின் தாளத்தைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். 90-க்கும் 110-க்கும் இடையே தள்ளாடி, வீடியோவை நிறுத்தியதும் ஏறினால், அதுதான் பளு. எண் 140-லேயே இருந்தும் கண்ணுக்குப் படம் திக்கினால், படங்கள் சீரான இடைவெளியில் திரைக்கு வரவில்லை.

அடுத்து விண்டோஸ் விசையோடு பி எழுத்தைத் தட்டி, பிசி ஸ்கிரீன் ஒன்லி என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே இடத்தில் இன்னும் ஐந்து நிமிடம் விளையாடுங்கள். அப்போதும் விழுந்தால் இரண்டாவது மானிட்டர்மேல் பழி போடாதீர்கள். சூட்டைப் பற்றிக் கீழே எழுதியிருப்பதற்கு நேராகப் போய்விடலாம்.

கேபிள் எங்கே குத்தியிருக்கிறது

அதிகமாக நடக்கும் தவறு இங்கேதான். கணினிப் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மேலே, யுஎஸ்பியும் லேன் கேபிளும் குத்தும் இடத்தில் இருப்பவை மதர்போர்டின் போர்ட்டுகள். அவற்றுக்குக் கீழே, தனியாக ஒரு வரிசையில் இருப்பவை கிராஃபிக்ஸ் கார்டின் போர்ட்டுகள். ஆபீஸில் கழித்த பழைய மானிட்டரில் பல நேரம் நீல நிற விஜிஏ முனை மட்டுமே இருக்கும். இப்போதைய கார்டுகளில் விஜிஏ கிடையாது, மதர்போர்டில் இருக்கும். அதனால் கை தானாக அங்கே போகிறது. படமும் வந்துவிடுகிறது, யாரும் மறுபடி யோசிப்பதில்லை.

உள்ளே நடப்பது வேறு. பெரிய திரையைக் கார்டும், சின்னத் திரையை சிபியுவுக்குள் இருக்கும் கிராஃபிக்ஸும் ஓட்டுகின்றன. உள்ளே இருப்பதற்குச் சொந்த மெமரி கிடையாது. அது ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி ரேம் ஒரே குச்சியாகக் கிடந்தால் சிபியுவும் அதுவும் ஒரே பாதையில் முண்டியடிக்கும். போதாததற்கு, ஒரு சிப் வரைந்ததை இன்னொன்றின் திரையில் காட்ட நேரும்போதெல்லாம் படத்தை நகலெடுத்துக் கொண்டுபோக வேண்டும். 16 ஜிபியை இரண்டு குச்சியாகப் போட்டவர்கள் சிலர் வேண்டுமென்றே இப்படி இணைத்து நன்றாக விளையாடுகிறார்கள், அது உண்மை. ஒற்றைக் குச்சிக்காரர்கள் செய்யவே கூடாது.

இதைவிட மோசம், பெரிய மானிட்டரையே மதர்போர்டில் குத்தியிருப்பது. அப்போது கேமின் ஒவ்வொரு படமும் கார்டிலிருந்து நகலாகி மறுபக்கம் போய்த்தான் திரைக்கு வரும். இன்டெல் சிப்பின் பெயர் எஃப் எழுத்தில் முடிந்தால் மட்டும் கவலை இல்லை, மதர்போர்டு போர்ட்டில் படமே வராது.

இரண்டு கேபிளும் கார்டிலேயே குத்தப்பட வேண்டும். பெரிய மானிட்டருக்கு டிஸ்ப்ளேபோர்ட். எச்டிஎம்ஐ 1.4 உள்ள மானிட்டர் என்றால் 1080-இல் பெரும்பாலும் 120 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது, பட்டியலில் 144 தெரியாததற்குப் பல நேரம் இதுதான் காரணம். நல்ல டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் இருபது முப்பது ரிங்கிட்டுக்குள் கிடைத்துவிடும். அதைக் கழற்றும்போது தலையில் இருக்கும் பொத்தானை அழுத்திவிட்டு இழுங்கள், கொக்கி மாட்டியிருக்கும்.

விஜிஏ மானிட்டருக்கு, உள்ளே சிப் வைத்த எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர் வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் டிவிஐ-விஜிஏ முனையை வாங்கி ஏமாறாதீர்கள். கார்டின் டிவிஐ துளையை உற்றுப் பாருங்கள். ஓரத்தில் ஒரு தட்டையான கீறல் இருக்கும். அந்தக் கீறலைச் சுற்றி நான்கு சின்னத் துளைகள் இருந்தால்தான் அந்த முனை வேலை செய்யும். கீறல் மட்டும் இருந்தால் முனை உள்ளேயே போகாது. இப்போதைய கார்டுகளில் டிவிஐ இருந்தாலும் இந்த இரண்டாவது வகைதான்.

கன்வெர்ட்டரைப் பெட்டியின் வெந்நீர் ஆவி போல அடிக்கும் காற்றுக்கு எதிரே தொங்கவிட வேண்டாம். சூடேறி ஒரு கணம் சிக்னல் அறுந்தால், மானிட்டர் கழற்றப்பட்டதாக விண்டோஸ் நினைத்துத் திரைகளை மறுபடி அடுக்கத் தொடங்கும். கேம் ஓரிரு நொடி உறைந்து நிற்கும், சின்னத் திரை ஒருமுறை இருண்டு திரும்பும். அப்படி நடந்தால் செட்டிங்ஸை நோண்ட வேண்டாம். விஜிஏயின் இரண்டு திருகையும் இறுக்குங்கள், நிற்காவிட்டால் கன்வெர்ட்டரை மாற்றுங்கள்.

தாளத்தைச் சரிசெய்தல்

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே. பழைய மானிட்டர் முதலில் வாங்கியது என்பதால் அதுவே முதன்மைத் திரையாக இருந்துகொண்டிருக்கும். 60-இல் ஆணி அடித்தாற்போல நிற்பதற்கு இது பெரிய காரணம். பெரிய மானிட்டரின் படத்தைத் தேர்ந்தெடுத்து, மேக் திஸ் மை மெயின் டிஸ்ப்ளே என்பதைக் குறியிடுங்கள். பிறகு அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேக்குள் போய் அதற்கு 144-ஐத் தேர்ந்தெடுங்கள். வாங்கிய நாளிலிருந்து 60-லேயே ஓடிக்கொண்டிருக்கும் 144 மானிட்டர்கள் ஊரில் நிறைய உண்டு. கேமுக்குள்ளும் எந்த மானிட்டர் என்ற தெரிவைப் பாருங்கள்.

அப்புறம் விண்டோஸ் விசையோடு ஆர் தட்டி, வின்வெர் என்று ஆங்கிலத்தில் அடித்துப் பதிப்பைப் பாருங்கள். 2020-இல் வந்த விண்டோஸ் 10-இன் 2004 பதிப்புக்கு முந்தியது என்றால், உங்கள் தேடல் அங்கேயே முடிந்தது. பழைய பதிப்புகளில் எல்லாச் சன்னல்களையும் கோத்துத் திரைக்கு அனுப்பும் பகுதி, வெவ்வேறு வேகத்திலுள்ள திரைகளைத் தனித்தனியாகக் கவனிக்கத் தெரியாமல் தடுமாறும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஏதாவது அசைந்தாலே 144 திரை திக்கும். 2004 பதிப்புக்குப் பிறகு இது பெரும்பாலும் சரியாகிவிட்டது. செகண்ட் ஹேண்ட் கணினிகளில் இன்னும் அதற்கு முந்திய 1909 பதிப்பு தென்படுகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், கணினி ஏற்றுக்கொண்டால் விண்டோஸ் 11-க்கே போய்விடுவது நல்லது.

எண் சரியாக இருந்தும் படம் திக்கினால் பெரிய மானிட்டரை 120-க்கு இறக்கிச் சோதியுங்கள். திருவிழாவில் இரண்டு உறுமி மேளக் குழுக்கள் அருகருகே அடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஓரடி அடிப்பதற்குள் மற்றவர் சரியாக இரண்டடி அடித்தால் தாளம் சேரும். 120-உம் 60-உம் அப்படி. 144-க்கு 60 என்றால் 2.4 அடி, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் போய் இடிக்கும். 144-இல் ஒரு படத்துக்கு 6.94 மில்லிவினாடி, 120-இல் 8.33. இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது அரிது, திக்கல் தெரியாமல் போகாது.

திரையின் வேகத்தைக் கேமின் வேகத்தோடு சேர்க்கும் ஜிசிங்க் வசதியைப் பயன்படுத்துபவர்கள் என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஃபுல் ஸ்கிரீனுக்கு மட்டும் என்று வையுங்கள். சன்னல்களுக்கும் சேர்த்துக் கொடுத்தால், கேம் அல்லாத ஏதோ ஒரு சன்னல் தாளத்தைப் பிடித்துக்கொள்ள இடமுண்டு. கேமையும் பார்டர்லெஸ்ஸிலிருந்து, அதாவது ஓரம் இல்லாத சன்னலிலிருந்து, ஃபுல் ஸ்கிரீனுக்கு மாற்றுங்கள். டிஸ்கார்ட் ஓவர்லே, கேம் பார் இரண்டையும் அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். கேமின் மேல் ஒட்டிக்கொள்ளும் எதுவும் படத்தைச் சுற்றுவழியில் அனுப்பக்கூடும்.

எண் தள்ளாடினால்

டாஸ்க் மேனேஜரைச் சின்னத் திரையில் திறந்து, பெர்ஃபாமன்ஸ் பகுதியில் ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் கார்டின் பக்கத்தை வையுங்கள். வீடியோ டிகோட் என்று ஒரு கோட்டுப்படம் இருக்கும். வீடியோ ஓடும்போது அது ஏறினால், கார்டு அதற்கென உள்ள தனிப் பகுதியில் வீடியோவைப் பிரிக்கிறது, நல்லது. அது 0-லேயே படுத்திருக்க சிபியு மட்டும் ஏறினால் வீடியோ முழுவதும் சிபியுவின் தலையில் விழுகிறது. யூடியூப் வீடியோமேல் வலச்சொடுக்கிட்டு ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் திறந்து, கோடெக்ஸ் வரியைப் பாருங்கள். ஏவி01 என்று தொடங்கினால் அது ஏவி1 என்ற வீடியோச் சுருக்க வகை. ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசைகளிலும் அவற்றுக்கு முந்திய கார்டுகளிலும் ஏவி1-ஐப் பிரிக்கும் பகுதி கிடையாது, ஆர்டிஎக்ஸ் 30-இலிருந்துதான் உண்டு. பழைய கார்டுக்காரர்கள் ஏவி1-ஐத் தடுக்கும் எக்ஸ்டென்ஷனைக் குரோமில் போட்டுக்கொள்ளலாம்.

ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை, அதாவது வேலையைக் கார்டிடம் தள்ளும் தெரிவை, அணைத்துவிடு என்ற ஆலோசனையை எல்லோரும் சொல்வார்கள். ஆறு கோருக்கு மேல் உள்ள சிபியுவுக்கு அது பலிக்கலாம். நான்கு கோர் சிபியுவில் நிலைமை இன்னும் கெடும். டிஸ்கார்டில் மட்டும் அணைத்துப் பாருங்கள், குரோமில் அப்படியே விட்டுவிட்டு வீடியோவை 480-க்கு இறக்குங்கள். 19 அங்குலத் திரையில் ஓரக்கண்ணால் பார்ப்பதற்கு அது தாராளம்.

கார்டு 98, 99 விழுக்காட்டில் ஓடினால் இரண்டாவது திரையை வரைய அதற்கு மூச்சு விட நேரமில்லை. என்விடியா கன்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃபிரேம் ரேட்டை 141-இல் கட்டுங்கள். 120 ஹெர்ட்ஸில் வைத்திருந்தால் 117. கார்டு 90 விழுக்காட்டுப் பக்கம் இறங்கினால்தான் இது வேலை செய்கிறது என்று அர்த்தம், இறங்காவிட்டால் கேமில் நிழலின் தரத்தை ஒரு படி குறையுங்கள்.

சூடு

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மெல்ல மெல்ல விழுந்தால் அது சூடு. ஜிங்க் கூரைக்குக் கீழே, ஏர்கோன் இல்லாத அறையில், பிற்பகல் மூன்று மணிக்கு விளையாடும்போது கார்டு 83 பாகையைத் தொடுவது சாதாரணம். பல என்விடியா கார்டுகள் அந்த அளவில் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். இதிலும் மானிட்டர் ஜோடிக்குப் பங்கு உண்டு. 144-உம் 60-உம் சேர்ந்தால் பல கார்டுகளில் மெமரி வேகம் சும்மா இருக்கும்போதும் இறங்காது, ஒரு மேட்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் கார்டு ஆறாது. 120-க்கு மாற்றினால் பெரும்பாலும் இறங்கிவிடும். எஸ்டேட் சாலையின் செம்மண் தூசு, கார்டின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்கில் கம்பளி போலப் படியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷால் தட்டுங்கள். தட்டும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இடி முழங்கினால் இரண்டு மானிட்டரின் பிளக்கையும் லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள், ஒரு மானிட்டரில் ஏறும் மின்னதிர்ச்சி கேபிள் வழியாகக் கார்டுக்கும் போகும்.

எதுவும் பலிக்காவிட்டால் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைச் சுத்தமாக மறுபடி போடுங்கள். புது டிரைவரை முதலிலேயே இறக்கி வைத்துக்கொண்டு லேன் கேபிளைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் தன் டிரைவரை இடையில் நுழைத்துவிடும். சின்ன மானிட்டரையும் கழற்றுங்கள். என்விடியா நிறுவியில் கஸ்டம் தேர்ந்தெடுத்து, கிளீன் இன்ஸ்டலேஷன் பெட்டியைக் குறியிடுங்கள். முடிந்ததும் பெரிய மானிட்டரில் மட்டும் 144-ஐப் போட்டு ஒரு மேட்ச் ஆடிப் பாருங்கள். சின்னதைக் கடைசியாகக் குத்துங்கள். குத்திய கையோடு அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயை மறுபடி திறந்து, விண்டோஸ் பெரியதை 60-க்கு இறக்கிவிட்டதா என்று பாருங்கள்.