‘ஸாரி’ சொல்ல அவசரம் வேண்டாம்

தவறு செய்த கையோடு ‘ஸாரி’ சொல்வதில்தான் பலர் சொதப்புகிறார்கள். கோபம் கொட்டித் தீராத நேரத்தில் வரும் மன்னிப்பு, வாயை அடைப்பது போலத்தான் படும். முதலில் புண்பட்டவரை முழுக்கப் பேச விடுங்கள். குறுக்கே விளக்கம் வேண்டாம். பிறகு அவர் பட்ட வலியை உங்கள் வாயால் சொல்லுங்கள்: “எல்லார் முன்னாடியும் உன்னைக் கிண்டல் பண்ணினேன், நீ தலைகுனிஞ்சு உட்கார்ந்திருந்தே.” ‘நீ வருத்தப்பட்டிருந்தா ஸாரி’ உதவவே உதவாது. அந்த ‘இருந்தா’ பழியை அவர் தலையிலேயே கட்டுகிறது.

மன்னிப்புக் கேட்பதற்கும் மன்னிப்பதற்கும் நடுவே பாலமாக இருப்பது, தவறு செய்தவர் மேல் புண்பட்டவருக்கு எழும் பரிவு என்று உளவியலாளர் மெக்கல்லோ குழுவினரின் 1997 ஆய்வு காட்டியது. உங்கள் வருத்தம் அவர் கண்ணில் படவேண்டும். அதற்காக அழுது புரண்டால், அவரே உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும்! ‘மன்னிச்சிட்டியா?’ என்று உடனே நச்சரிக்காமல் ஓரிரு நாள் விடுங்கள்.