மாமியின் கோப்பையைக் கண்டுபிடித்த கதை

மாமியின் சமையல் கொப்பி என் கைக்கு வந்தபோது, அவர் அளந்த தேநீர்க் கோப்பை உடைந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. கொப்பியில் பாதி அளவுகள் றாத்தலில், மீதி கப்பில். வெள்ளவத்தை வீட்டில் கைக்குக் கிடைத்த குவளையால் மாவை மொண்டு, தட்டி நிரப்பி, "மா இரண்டு கப்" என்று பட்டர் கேக் செய்தேன். வெட்டுவதற்குக் கத்தியை விடக் கோடரி உதவியிருக்கும்.

றாத்தலில் சிக்கலில்லை. ஒரு றாத்தல் 454 கிராம், அரை றாத்தல் 227, கால் றாத்தல் 113, ஓர் அவுன்ஸ் 28. கடையில் நாம் இன்றும் கேட்கும் "ஒரு றாத்தல் பாண்" 450 கிராம்தான்.

வில்லங்கம் கப்பில். அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லிலீற்றர், மெட்ரிக் கப் 250. வீட்டுக் குவளைக்கு எந்தச் சட்டமும் இல்லை. ஆகவே முதலில் உங்கள் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராமோ, அத்தனை மில்லிலீற்றர். அரிசி அளக்கும் என் பால் டின் 300 பிடித்தது. கேக்கைக் கெடுத்த குவளையும் 300தான்.

பிறகு அதைத் துடைத்துக் காயவைத்து, அதே பாத்திரத்தில் ஒவ்வொரு பொருளாக நிரப்பி நிறுங்கள். வந்த நிறையைத் தண்ணீரின் நிறையால் வகுத்தால் ஒரு எண் வரும். அந்த எண் எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தும். என் தராசில் சீனி 0.85, ரவை 0.7, அரிசி 0.85, தேங்காயெண்ணெய் 0.92, பட்டர் 0.95, தேன் 1.4. பால் டின்னில் சீனி வேண்டுமா? 300ஐ 0.85ஆல் பெருக்குங்கள்: 255 கிராம்.

கோதுமை மா மட்டும் சொன்ன சொல் கேட்காது. அரிதட்டில் அரித்து, கரண்டியால் மெதுவாகப் போட்டு, கத்தியால் வழித்தால் 0.52. பையிலிருந்து மொண்டு தட்டினால் 0.6. என் இரண்டு குவளையில் 360 கிராம் மா போனது இப்படித்தான். புட்டுக்கு வறுத்து அரித்த அரிசிமாவும் இதே குணம். அதை ஒவ்வொரு முறையும் தராசில் நிறுப்பதே நல்லது.

பேக்கிங் பவுடரைத் தராசில் வைக்காதீர்கள். ஒரு கிராம் கணக்கில் காட்டும் வீட்டுத் தராசுக்கு இரண்டு மூன்று கிராமில் நம்பிக்கை கிடையாது. தேக்கரண்டி 5 மில்லிலீற்றர். வழித்து அளந்தால் போதும். மேசைக்கரண்டி பொதுவாக 15, அவுஸ்திரேலியச் சமையல் குறிப்பென்றால் 20.

கொப்பியை மறுபடி புரட்டியபோது அதே பட்டர் கேக் பின்பக்கத்திலும் இருந்தது. முன்னால் "பட்டர் ஒரு கப்", பின்னால் "பட்டர் அரை றாத்தல்". 227ஐ 0.95ஆல் வகுத்தேன்: 239. உடைந்த கோப்பை சுமார் 240 மில்லிலீற்றர்! அப்படியானால் இரண்டு கப் மா, அரித்துப் போட்டால், 250 கிராம். கொப்பியின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டு மாவை அரித்தேன். இம்முறை கேக் கரண்டிக்கே வெட்டுப்பட்டது.