பேக்வெல் போகும் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள், வை ஆற்றங்கரையில் இருக்கிறது பேக்வெல். பழைய சந்தை ஊர். நடுவூரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம். சின்ன ஊர்தானே, போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கிழமையும் மணியும் தெரியாமல் போனால் பாதி நாள் காரிலும் வரிசையிலும் கழிந்துவிடும்.

முதலில் கிழமை. வாராந்தரச் சந்தை கூடுவது திங்கட்கிழமை. சனிக்கிழமை போய்விட்டு "சந்தை எங்கே?" என்று தேடுகிற குடும்பங்கள் உண்டு. பிள்ளைகளோடு சந்தை பார்க்க வேண்டும் என்றால் பள்ளி விடுமுறையில் வரும் திங்கள்தான் தோது. காலை பத்து மணிக்கு முன்பே ஊருக்குள் இருங்கள். மதியம் இரண்டு தாண்டினால் சில கடைகளை மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார்கள். ஆற்றுக்கு அந்தக் கரையில் அன்றைக்கே ஆடு மாடு ஏலமும் நடக்கும். ஏலக்காரர் மூச்சுவிடாமல் விலை ஏற்றுவதைச் சின்னப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். ஆனால் விவசாயிகளின் டிரெய்லர்களும் அங்கேதான் வரும், கார் நிறுத்த இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். சந்தை முக்கியமில்லை, ஆற்றங்கரை போதும் என்றால் திங்களைத் தவிர்த்து வேறு வாரநாளில் போவது நல்லது.

கார் பார்க்கில் இரண்டு மணி நேரத்துக்கு டிக்கெட் எடுப்பது அடுத்த தவறு. சாப்பாட்டுக்கு ஒரு மணி, ஆற்றங்கரையில் ஒரு மணி என்றாலே அது தீர்ந்துவிடும். பிறகு குழந்தையை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும், இல்லையென்றால் அபராதம். நாள் முழுவதற்கும் எடுத்துவிடுங்கள். மலையிடுக்குப் பகுதி என்பதால் போனில் பணம் கட்டச் சிக்னல் கிடைக்காமல் போகலாம். சில்லறையும் கையில் இருக்கட்டும்.

ரயிலில் வர நினைப்பவர்கள் வரைபடத்தில் "பேக்வெல் ஸ்டேஷன்" என்று பார்த்து நம்பிவிடக் கூடாது. அந்த நிலையம் 1967-லேயே மூடப்பட்டது. பக்கத்து ஊரான மாட்லாக் வரை ரயிலில் வந்து பஸ் பிடிக்கலாம். ஷெஃபீல்டிலிருந்தும் டெர்பியிலிருந்தும் நேரடி பஸ் உண்டு. ஊரில் இறங்கியதும் முதல் வேலை, திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு.

ஆற்றங்கரைதான் பேக்வெல்லின் உயிர். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், கையளவு டிரவுட் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து அசையாமல் நிற்பது பாலத்திலிருந்தே தெரியும். இங்கே எல்லோரும் செய்கிற தவறு வாத்துகளுக்கு ரொட்டி போடுவது. ரொட்டியில் வயிறு நிரம்புமே தவிர சத்து கிடையாது. மிச்சம் அழுகி நீரைக் கெடுக்கும், எலியைக் கூட்டும். உறைந்த பட்டாணியையும் சோளத்தையும் உருகவைத்து ஒரு கைப்பிடி எடுத்துப் போங்கள், அல்லது வேகாத ஓட்ஸ். கட்டிக்கொண்டு வந்த புளியோதரையில் மிஞ்சியதைக் கொட்டவே வேண்டாம், உப்பும் காரமும் பறவைக்கு ஆகாது. வசந்த காலத்தில் குஞ்சுகளோடு இருக்கும் அன்னமும் வாத்தும் சீறிக்கொண்டு வரும், பிள்ளைகளைத் தள்ளியே நிறுத்துங்கள். புல்வெளியெங்கும் எச்சம் கிடக்கும். அடியில் ரப்பர் பூச்சுள்ள விரிப்பு இல்லாமல் உட்கார முடியாது.

ஐந்து வளைவுக் கல்பாலம் இடைக்காலத்தது. அதன்மேல் இன்றும் பிரதானச் சாலை ஓடுகிறது, நடைபாதை குறுகல். குடும்பப் படத்துக்காகப் பின்னால் ஓரடி வைத்தால் லாரியின் வழியில் நிற்பீர்கள். கீழே இறங்கி ஆற்றங்கரைப் பாதையிலிருந்து எடுத்தால் வளைவுகள் அத்தனையும் படத்தில் விழும். தடுப்பணைப் பக்கம் மட்டும் காலை நனைக்க விடாதீர்கள். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுக்கும், மழைக்கு மறுநாள் இன்னும் மோசம்.

மூடிய அந்த ரயில்பாதைதான் இப்போது மான்சல் டிரெயில் என்ற நடை, சைக்கிள் பாதை, சுமார் 13.7 கிலோமீட்டர். தரை பெரும்பாலும் சமம், மோட்டார் வண்டி கிடையாது, தள்ளுவண்டிக்கு ஏற்றது. ஆனால் பாதை ஊருக்கு மேலே இருக்கிறது. பழைய நிலையத்துக்கு ஏறும் சாலை செங்குத்து. மதியச் சாப்பாடு முடித்துத் தள்ளுவண்டியோடு ஏறினால் பாதியிலேயே திரும்பத் தோன்றும். காலையிலேயே ஏறிவிடுங்கள். மான்சல் மேம்பாலம் வரை போகவே சுமார் 6 கிலோமீட்டர், திரும்பவும் அதே தூரம். ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு அது அதிகம். ஹாசப் பழைய நிலையம் வரை போய்த் திரும்பினால் போதும். அங்கே காபிக்கடையும் வாடகை சைக்கிளும் உண்டு. சைக்கிள் எடுத்து மேம்பாலம் போகிறவர்களுக்குப் போகும்போது மெல்லிய ஏற்றம், வரும்போது தானே உருளும். நடுவில் வரும் ஹெட்ஸ்டோன் சுரங்கம் 487 மீட்டர். கோடையிலும் குளிரும், கூரையிலிருந்து சொட்டும். பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் வேண்டும். விளக்குகள் பகலில்தான் எரியும், மாலை மங்குவதற்குள் வெளியே வந்துவிடுங்கள்.

இதோடு சாட்ஸ்வொர்த் மாளிகையையும் அதே நாளில் பார்த்துவிடத் துடிக்காதீர்கள். சில மைல்தான் என்றாலும் அதற்கே ஒரு முழு நாள் வேண்டும்.

சாப்பாட்டில் கவனம் தேவை. மதிய உணவுக்குப் பிறகு பல பப்களில் சமையலறை மாலை வரை மூடியிருக்கும். ஒரு மணிக்கு முன்பே உட்கார்ந்துவிடுங்கள். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடையில் எண்ணெய் என்னவென்று கேட்காமல் வாங்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் சில கடைகள் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கின்றன, உருளைக்கிழங்கும் அதே சட்டியில்தான்.

பேக்வெல் புட்டிங்கும் பேக்வெல் டார்ட்டும் ஒன்றல்ல. புட்டிங் அடுக்கடுக்கான பஃப் பேஸ்ட்ரியில் ஜாம் தடவி, முட்டை, வெண்ணெய், சர்க்கரை, பாதாம் கலவை ஊற்றிச் சுட்டது. உள்ளே கொழகொழவென்று இருக்கும். டார்ட் பிஸ்கட் போன்ற மாவில் கேக் மாதிரி கெட்டியானது. ஊருக்கே உரியது புட்டிங்தான், அதையே கேட்டு வாங்குங்கள். இரண்டிலும் முட்டையும் பாதாமும் உண்டு. மாவில் பன்றிக்கொழுப்பு சேர்த்ததா என்றும் விசாரியுங்கள். எந்தக் கடையின் செய்முறை அசல் என்ற பழைய சண்டையில் நேரத்தை விடாமல், வரிசை குறைவான கடையில் சூடாக வாங்கிச் சாப்பிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோவதைக் காரில் சமமாக வையுங்கள், சாய்ந்தால் நடுப்பகுதி ஒரு பக்கம் ஒதுங்கும். மைக்ரோவேவில் வைத்தால் மாவு தொய்ந்துவிடும். 160 டிகிரி ஓவனில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் ஓரம் மறுபடி மொறுமொறுக்கும்.