எழுத்து மாறிய பத்தியைத் தமிழில் தயாரிப்பது எப்படி

‘வியாளைட்டு மைனதாத்தில் குந்தைழகள் ஓடினார்கள்.’

கண் ஓரிரு இடத்தில் தட்டியிருக்கும், ஆனால் பொருள் புரிந்திருக்கும். எந்த எழுத்து எந்த இடத்தில் என்பதை மூளை கறாராகப் பார்ப்பதில்லை. அக்கம்பக்கத்து எழுத்துகள் இடம் மாறினாலும் சரியான சொல்லே நினைவுக்கு வருகிறது. ஓரத்து எழுத்துகளுக்கு ஒரு பக்கம் வெற்றிடம் இருப்பதால் அவை தெளிவாகத் தெரிகின்றன.

முதலும் கடைசியும் சரியாக இருந்தால் போதும் என்று ‘கேம்பிரிட்ஜ் ஆய்வு’ சொன்னதாக 2003-இல் மின்னஞ்சலில் ஒரு செய்தி பரவியது. அப்படி ஓர் ஆய்வு அங்கே நடக்கவில்லை. 2006-இல் உளவியலாளர் கீத் ரெய்னர் குழுவினர் ஆங்கிலத்தில் அளந்து பார்த்தார்கள். நடு எழுத்துகள் மாறினால் படிக்கும் வேகம் 11%, சொல்லின் முடிவில் மாறினால் 26%, தொடக்கத்தில் மாறினால் 36% குறைந்தது.

தமிழில் செய்யும்போது முதலில் சொல்லைத் துண்டுகளாகப் பிரியுங்கள். புள்ளி வைத்த மெய்யெழுத்தை, அதாவது ஒற்று எழுத்தை, அடுத்த எழுத்தோடு ஒட்டி ஒரே துண்டாக வையுங்கள்: கு–ழ–ந்தை–க–ள். முதல் துண்டையும் கடைசித் துண்டையும் தொடாதீர்கள். நடுவில் அடுத்தடுத்த இரண்டை மட்டும் மாற்றுங்கள். ‘மருத்துவமனை’ ‘மருத்துமவனை’ ஆகும். ‘தண்ணீர்’ மூன்றே துண்டு, மாற்ற ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள். ஒற்று எழுத்தைத் தனியாக நகர்த்தினால் ‘தணீண்ர்’ போல வாயில் நுழையாத ஒன்று வரும், கண் அங்கேயே நின்றுவிடும்.

விகுதியில் கை வைக்காதீர்கள். ஆங்கிலத்தில் தனிச் சொல்லாக நிற்கும் வேலையைத் தமிழில் விகுதியும் உருபும் செய்கின்றன. ‘வீட்டிருலிந்து’ தடுக்குவது அதனால்தான். நீண்ட சொல்லில் விகுதிக்கு முந்தைய அடிச்சொல்லுக்குள் மட்டும் கலைப்பதே நல்லது.

மாற்றியது வேறொரு சொல்லாகிவிட்டதா என்றும் பாருங்கள். ‘நகரம்’ கலைந்தால் ‘நரகம்’. வாசகர் தயங்காமல் தப்பாகப் படித்துவிட்டுப் போவார், பிழை உங்களுக்கும் தெரியாது.

இதற்குப் பைத்தான் மொழியில் நிரல் எழுதுவதானால் சரத்தை (string) நேரடியாகக் கலைக்காதீர்கள். யூனிகோடில் ‘கொ’ என்பது ககரமும் உயிர்க்குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். அவை பிரிந்தால் உயிர்க்குறி வேறோர் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது திரையில் புள்ளி வட்டம் வரும். கிராஃபீம் கிளஸ்டர்களாக, அதாவது கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் குறியீட்டுத் தொகுதிகளாகப் பிரித்து, பிறகு ஒற்றுகளை ஒட்டுங்கள். ‘க்ஷ’வும் அப்போது தானாகச் சேர்ந்துவிடும்.

கலைத்த பத்தி படிப்பை எவ்வளவு தடுக்கிறது என்று சோதிக்க, ஒரே கடினத்தில் 100 சொற்கள் கொண்ட இரண்டு பத்திகள் வேண்டும். ஒரே பத்தியை இருமுறை கொடுத்தால் நினைவிலிருந்து படித்துவிடுவார்கள். பாதிப் பேருக்கு முதல் பத்தியைக் கலைத்தும் இரண்டாவதை அப்படியேயும் கொடுங்கள்; மீதிப் பேருக்கு மாற்றிக் கொடுங்கள். எது முதலில் என்பதும் ஆளுக்கு ஆள் மாறட்டும். மௌனமாகப் படிக்கவிட்டு நேரத்தைக் குறியுங்கள். பின் ஐந்து கேள்விகள் கேளுங்கள், அவற்றில் குறைந்தது இரண்டு ஊகித்துச் சொல்ல முடியாத பெயரையோ எண்ணையோ பற்றியவையாக இருக்கட்டும்.