ராடு போல்ட் மாற்றினேன், கிராங்க் இறுகிப்போனது

ஜீப்பின் டர்போ டீசல் இன்ஜினை உயர்ந்த ஆர்.பி.எம்.முக்காகப் புதுப்பித்தபோது, பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடுகளுக்கு ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் போல்ட் வாங்கினேன். டர்போ அழுத்தம் ராடை அமுக்கத்தான் செய்யும். போல்ட்டை இழுப்பது, எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிவில் மேலே போன பிஸ்டனைத் திருப்பிக் கொண்டுவரும் விசை. வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்காகும்.

கிராங்கை இன்ஜினோடு பிடித்து வைக்கும் மெயின் கேப்களைப் பூட்டிய பிறகும் அது கையாலேயே சுழன்றது. ராடுகளைப் பூட்டியதும் இறுகிவிட்டது. ராடு உட்காரும் கிராங்க் ஜர்னலை அளந்தேன், சரியாக இருந்தது. பேரிங் செட்டை மாற்றினேன், அதே கதை. மூன்று நாள் போனது.

அப்புறம் பேரிங் இல்லாமல் ராடின் கேப்பைப் பூட்டி, துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜில் பிக் எண்டை, அதாவது ராடின் கிராங்க் பக்கத் துளையை, அளந்தேன். மேல்கீழ் அளவு, பக்கவாட்டை விட 0.03 மி.மீ. குறைவு! பழைய போல்ட்டைப் போட்டால் வட்டம் சரியாக வந்தது. பட்டறையில் ஹோன் செய்தது, அதாவது துளையைத் தேய்த்து வட்டமாக்கியது, பழைய போல்ட்டோடு. புதியது இன்னும் பலமாக இறுக்குவதால் துளை நசுங்குகிறது.

புது போல்ட்டுகளைப் பூட்டிய நிலையிலேயே மறுபடி ஹோன் செய்யச் சொன்னேன். ஒன்று கவனியுங்கள்: போல்ட்டோடு வரும் மசகுப் பசையைத்தான் தடவ வேண்டும். இன்ஜின் ஆயில் தடவினால் அதே டார்க்கில் (முறுக்கு விசையில்) போல்ட் குறைவாகத்தான் நீளும். நான் டார்க்கை நம்பாமல் போல்ட் நீள்வதை அளக்கும் ஸ்ட்ரெட்ச் கேஜ் வைத்தே இறுக்கினேன்.

இப்போது கிராங்க் தடையில்லாமல் சுழல்கிறது. பெரிய நிம்மதி.