அப்புத்தளையில் இறங்கி, எல்லக் கணவாயில் ஏறுங்கள்

வெளிநாடுகளிலிருந்து இலங்கைக்கு வரும் நம்மவர்கள் பலர் மலையகத்துக்கு இரண்டு நாள்தான் ஒதுக்குகிறார்கள். அதில் ஒன்று எல்லவில் உள்ள ஒன்பது வளைவு ரயில் பாலத்தில் படம் எடுப்பதிலேயே போய்விடுகிறது. என்னைக் கேட்டால், அந்த ஒரு நாளை ஊவா மலைகளின் தெற்கு விளிம்பைச் சுற்றி வரக் கொடுங்கள். அப்புத்தளையில் தொடங்கி பெரகலை, கொஸ்லந்தை, வெல்லவாய, எல்ல, பண்டாரவளை வழியாக மறுபடி அப்புத்தளைக்கு வந்துவிடலாம். ஏறக்குறைய 100 கிலோமீற்றர்தான். ஆனால் இரண்டு மணி நேரத்தில் முடியும் என்று கணக்குப் போடாதீர்கள், முழு நாளும் வேண்டும்.

எல்லவில் தங்குபவர்கள் வழக்கமாக இதை மறுபக்கமாகச் சுற்றுகிறார்கள். நான் அப்புத்தளைப் பக்கமாகவே தொடங்கச் சொல்வேன். அப்புத்தளை ஏறக்குறைய 1400 மீற்றர் உயரத்தில் மலை முகட்டில் இருக்கும் ஊர். காலையில் தெற்குச் சமவெளி தெளிவாகத் தெரியும். மத்தியானத்துக்குப் பிறகு பெரும்பாலும் பனிமூட்டம் ஏறிவிடும். இன்னொன்று, வெல்லவாயவுக்கும் எல்லவுக்கும் இடையில் உள்ள எல்லக் கணவாய் செங்குத்தான வீதி. அதில் பிரேக்கை நம்பி இறங்குவதைவிட என்ஜினை நம்பி ஏறுவது எவ்வளவோ நல்லது. கீழிருந்து வரும்போதுதான் அந்தப் பள்ளத்தாக்கின் முழு அழகும் முகத்துக்கு நேரே வரும்.

காலை ஆறு மணிக்குப் புறப்படுங்கள். எரிபொருளை முதல்நாளே நிரப்பிவிடுங்கள். பெரகலைச் சந்தியில் கொழும்பு வீதி வந்து சேரும். அங்கே இடப்பக்கம் திரும்பி வெல்லவாய வீதியைப் பிடித்தால், தேயிலைத் தோட்டங்களின் நடுவே வளைந்து வளைந்து இறங்கும்.

கொஸ்லந்தையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். இந்த ஊருக்கு மேலே உள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயன் வீடுகளை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மூடியது. பல உடல்கள் கிடைக்கவேயில்லை. இறந்தவர்கள் எல்லோரும் நம் மொழி பேசிய தோட்டத் தொழிலாளர் குடும்பத்தவர்கள். இந்தச் சனம் தமிழகத்திலிருந்து மலையேறி வந்து 2023இல் இருநூறு ஆண்டு நிறைந்தது. வடக்கு கிழக்கிலிருந்து புலம்பெயர்ந்த நமக்கு இவர்களை நேரில் அறியும் வாய்ப்பு குறைவு. ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, "வணக்கம் அக்கா, எப்படி இருக்கீங்க?" என்று பேச்சைத் தொடங்குங்கள். கொழுந்து பறிப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்கவேண்டாம். லயத்துப் பக்கம் யாராவது கூப்பிட்டால் மட்டும் போங்கள். பிள்ளைகளுக்குக் கையில் காசு கொடுக்காமல், கடையில் சாமான் வாங்குங்கள்.

அடுத்தது தியலும. 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அருவி, வீதியிலிருந்தே தெரியும். வயதான பெற்றோருடன் வந்திருந்தால் கீழே நின்று பார்ப்பதே போதும். மேலே பாறைக் குளங்களில் குளிக்க இளைஞர்கள் நடந்து போகிறார்கள். போவதாக இருந்தால் உள்ளூர் ஆள் ஒருவரோடு போங்கள். மலையில் மழை பெய்தால் தண்ணீர் திடீரென்று ஏறும், வழுக்கும் பாறையின் விளிம்பில் தடுப்பு எதுவும் இல்லை.

வெல்லவாய 200 மீற்றர் உயரமளவில்தான் இருக்கிறது. காலையில் போட்ட ஸ்வெட்டரை இங்கே கழற்றிவிடுவீர்கள். மத்தியானச் சாப்பாடு இங்கேதான், அப்புறம் எருமைத் தயிரும் கித்துள் பனையின் பாணியும். நேரம் இருந்தால் தெற்கே சில கிலோமீற்றரில் புதுருவகல. ஒரே பாறையில் ஏழு உருவங்கள், நடுவில் நிற்கும் புத்தர் ஏறக்குறைய 15 மீற்றர். மகாயான பௌத்தர்கள் வணங்கும் அவலோகிதேஸ்வரரும் தாராவும் பக்கத்தில். மகாயானம் இந்தத் தீவில் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதைக் கண்ணால் காணும் இடம். தோளும் முழங்காலும் மறையும் உடுப்பு வேண்டும்.

பின்னேரம் மூன்று மணிக்கு முன் கணவாயில் ஏறத் தொடங்குங்கள். கிரிந்தி ஓயா அறுத்த பள்ளத்தாக்கு இது. மேலே போகப்போக இரண்டு பக்கமும் மலைச்சுவர் நெருங்கி வரும். இடப்பக்கம் எல்லப் பாறை, வலப்பக்கம் சிறிய சிவனொளிபாத மலை. வழியில் இராவணன் பெயர் சொல்லும் அருவி வீதி ஓரத்திலேயே கொட்டும். அங்கே வாகனமும் ஆட்களும் நெரிசலாக இருக்கும், வளைவில் நிறுத்தாதீர்கள். நீரில் இறங்கவேண்டாம், அங்கே உயிர்கள் போயிருக்கின்றன.

இந்த வீதியை இருட்டில் ஓட்டவே கூடாது. 2025 செப்டம்பர் 4 இரவு, எல்லவிலிருந்து இறங்கிய சுற்றுலா பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து பலர் இறந்தார்கள். ஏறும்போது போடும் அதே கியரில் இறங்குவதே பழக்கமாகட்டும். ஓட்டோமற்றிக் காரிலும் குறைந்த கியரை எடுங்கள். பிரேக் கருகும் வாசம் வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். மறைவான வளைவில் ஹோர்ன் அடியுங்கள், ஏறி வரும் வாகனத்துக்கு வழிவிடுங்கள், பஸ்ஸோடு போட்டி போடாதீர்கள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் உள்ளூர் சாரதியோடு வான் எடுப்பதே நல்லது. நீங்களே ஓட்டுவதானால், வெளிநாட்டு லைசென்ஸ் மட்டும் போதாது, இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதியையும் எடுத்திருக்கவேண்டும்.

காலம் பார்த்துப் போங்கள். யூலை, ஓகஸ்ட் பள்ளி விடுமுறையில் ஊவா வரண்டிருக்கும். அருவிகள் மெலியும், வீதி நல்லது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை, மண்சரிவு அபாயம். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலையகத்தை எப்படி உலுக்கியது என்று எல்லோரும் பார்த்தோம். நத்தார் விடுமுறைக்கு வருபவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை முதல்நாள் இரவும் புறப்படும் காலையும் பாருங்கள். பதுளை மாவட்டத்துக்கு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். இடர் முகாமைத்துவ நிலையத்துக்கு 117, பொலிசுக்கு 119, இலவச அம்புலன்சுக்கு 1990. மூன்றையும் போனில் பதிந்துவிட்டே புறப்படுங்கள்.