கோப்பு தேங்காமல் நகர: அரசு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

வேலூர் மாவட்டத்தில் ஏதேனும் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, இருக்கைக்குரிய கோப்புகளைப் பொறுப்பேற்றுக்கொண்டு, எங்கிருந்து தொடங்குவது என்று திகைத்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாமதம் செய்வதற்கென்றே நடைமுறைகளை ஏற்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் தொடக்கத்தில் பலருக்கும் வரும். ஆனால் ஒரு கோப்பு மேலிருந்து ஏன் திரும்பியது என்று ஒவ்வொரு முறையும் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு தாளோ ஒரு விவரமோ இல்லாமல் அது மேலே போயிருக்கும். அந்தக் குறையை நம் மேசையிலேயே தீர்த்து அனுப்புவது எப்படி என்பதே இங்கே விளக்கப்படுகிறது.

முதல் படி: எண் இடுதல்

தபால் உங்கள் கைக்கு வந்த அன்றே தன்பதிவேட்டில் (உங்கள் இருக்கைக்கு வரும் தாள்களைப் பதியும் பதிவேடு) பதிந்து, ந.க. எண்ணை, அதாவது அந்தக் கோப்புக்குரிய அடையாள எண்ணை, இட்டுவிடுங்கள். எண் இல்லாத தாள் எவருடைய நிலுவைப் பட்டியலிலும் வராது. ஆகவே அதைத் தேடவும் ஆள் இருக்காது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்வு நாள் கூட்டத்தில் பெறப்படும் மனுக்கள் கத்தையாக வரும்போது, நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அன்றைக்கே பதிந்துவிடுவதுதான் நல்லது.

இரண்டாம் படி: முன்தாள்களைத் தேடுதல்

முன்தாள்கள் என்பவை அதே பொருள் குறித்து முன்பே உருவான கோப்புகளும் ஆணைகளும். நம் பகுதியில் இவற்றைத் தேடக் கூடுதல் கவனம் தேவை. பழைய வட ஆற்காடு மாவட்டம் பலமுறை பிரிந்திருக்கிறது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமானது. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019 நவம்பரில் இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் செயல்படத் தொடங்கின. நிலம் இடம் மாறவில்லை, ஆனால் அதைப் பற்றிய தாள் எந்த அலுவலகத்தின் பதிவறையில் இருக்கிறது என்பது ஒவ்வொரு பிரிவினையின்போதும் கேள்வியாகிறது.

எடுத்துக்காட்டாக, ஆற்காடு வட்டத்திலுள்ள ஒரு நிலம் தொடர்பாக 2014இல் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் பிறப்பித்த ஆணையின் நகலை ஒருவர் கேட்கிறார் என்று கொள்வோம். ஆற்காடு இன்று இராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது என்பதற்காக மனுவை உடனே அங்கே அனுப்பிவிட்டு, கோப்பு சத்துவாச்சாரியிலுள்ள வேலூர் ஆட்சியர் அலுவலகப் பதிவறையிலேயே இருந்தால், மனு அங்கிருந்து திரும்பி வரும். மனுதாரர் இரண்டு ஊருக்கும் அலைவார். ஆகவே மனுவை மாற்றி அனுப்பும் முன், பதிவறை எழுத்தரிடம் கோப்பு எண்ணையும் ஆண்டையும் எழுதிக் கொடுத்து, கோப்பு இங்கே இருக்கிறதா, ஒப்படைப்புப் பட்டியலில் சேர்த்து அனுப்பப்பட்டுவிட்டதா என்று எழுத்தில் பதில் பெறுங்கள். மனுதாரரிடம் பழைய ஆணையின் மங்கிய நகல் ஒன்று இருந்தாலும் போதும். அதன் தலைப்பிலுள்ள எண்ணில் பிரிவும் இருக்கை எண்ணும் ஆண்டும் இருக்கும். பாதித் தேடல் அதிலேயே முடிந்துவிடும்.

மூன்றாம் படி: குறிப்பு எழுதுதல்

என் கணிப்பில், மற்ற எல்லாப் படிகளையும்விட முக்கியமானது இதுதான். குறிப்பைப் படிக்கும் அலுவலர், மனுவும் கடிதங்களும் அடங்கிய நடப்புக் கோப்பைப் புரட்டாமலேயே முடிவெடுக்க முடிய வேண்டும். “மனுதாரரின் மனு பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது. தக்க ஆணை வேண்டப்படுகிறது” என்று மட்டும் எழுதினால், ஓரத்தில் “பேசவும்” என்ற ஒரு சொல்லோடு கோப்பு திரும்பி வரும். அதே பொருளை இப்படி எழுதலாம்:

“மனுதாரர் 2014ஆம் ஆண்டு ஆணையின் நகலைக் கோருகிறார் (நடப்புக் கோப்பு, பக்கம் 1). மூலக் கோப்பு இவ்வலுவலகப் பதிவறையில் உள்ளது (பக்கம் 3). மனுதாரர் அந்த ஆணையில் குறிப்பிடப்பட்ட நில உரிமையாளரின் மகன் என்பதற்கு வாரிசுச் சான்று இணைத்துள்ளார் (பக்கம் 4). நகல் வழங்கத் தடை ஏதும் கோப்பில் காணப்படவில்லை. நகல் வழங்கலாம். வரைவுக் கடிதம் ஒப்புதலுக்காக வைக்கப்படுகிறது.”

கோரிக்கை, ஆதாரம், விதியின் நிலை, நம் பரிந்துரை ஆகிய நான்கும் வரிசையாக வந்துவிட்டன. வரைவையும் குறிப்போடு சேர்த்தே வைத்ததால், ஒப்புதலுக்குப் பின் வரைவுக்கென்று கோப்பு இன்னொரு முறை மேலே ஏறி இறங்க வேண்டியதில்லை. பரிந்துரை எழுதப் புதியவர்கள் அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டாம், கண்காணிப்பாளர் அதை ஏற்கலாம், மாற்றலாம், ஆனால் விதியைப் படித்து எழுதிய பரிந்துரைக்காக எவரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

மேலதிகாரி வாய்மொழியாக ஓர் அறிவுரை கூறினால், அதை மறுநாளே “வாய்மொழி அறிவுரைப்படி” என்று குறிப்பில் பணிவோடு பதிந்து, ஆணைக்கு வையுங்கள். உங்கள் கருத்து வேறாக இருந்தால் அதையும் காரணத்தோடு ஒரு பத்தியில் எழுதலாம். முடிவு அவருடையது, ஆனால் விவரங்கள் அனைத்தையும் அவர் முன் வைக்கும் கடமை உங்களுடையது.

நான்காம் படி: அறிக்கை கோருதல்

குடியாத்தம் வட்டாட்சியரிடம் அறிக்கை கேட்கிறீர்கள் என்றால், அந்தக் கடிதம் வருவாய் ஆய்வாளர் வழியாகக் கிராம நிர்வாக அலுவலர் வரை இறங்கி, அதே வழியில் மீண்டும் ஏறி வர வேண்டும். சிட்டா, அடங்கல், புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) என்று எவையெல்லாம் தேவையோ அவற்றை முதல் கடிதத்திலேயே வரிசை எண்ணிட்டுக் கேட்டுவிடுங்கள். “விரிவான அறிக்கை அனுப்பவும்” என்று பொதுவாக எழுதினால் வருவதும் பொதுவாகத்தான் இருக்கும். விடுபட்ட ஒரு புலப்படத்துக்காக அந்த ஏணி முழுவதையும் கடிதம் மறுபடி இறங்கி ஏறும். பேரணாம்பட்டிலிருந்து பேருந்து ஏறி வந்து, “என் மனு என்ன ஆயிற்று, சார்?” என்று கேட்பவரிடம் நாம் சொல்லக்கூடிய பதில், பல வாரங்களுக்கு முன் எழுதிய இந்த ஒரு கடிதத்தைப் பொறுத்தே அமைகிறது.

பதில் வராவிட்டால் நினைவூட்டு அனுப்பும் நாளை முன்கூட்டியே குறித்து வைத்து, அன்றைக்குத் தவறாமல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையெனில், அலுவலரின் கையொப்பத்தில் நேர்முகக் கடிதம் (மற்ற அலுவலருக்குப் பெயர் குறித்து எழுதும் கடிதம்) எழுத வரைவு வையுங்கள். தொலைபேசியில் பேசுவது நல்லதுதான். பேசிய நாளையும் கிடைத்த பதிலையும் குறிப்பில் ஒரு வரியாக எழுதிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: முடித்தல்

பதில் அனுப்பியதும் கோப்பை முடித்து, எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கேற்ப ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்ற வகையைக் கண்காணிப்பாளரிடம் கேட்டுக் குறியுங்கள். நில உரிமையைத் தொடும் கோப்பை வேலை முடிந்தால் போதும் என்று மூன்றாண்டு வகையில் தள்ளிவிடாதீர்கள்; காலக்கெடு முடிந்து அது அழிக்கப்பட்ட பின், அதன் நகலைக் கேட்டு வருபவருக்குக் கொடுக்க எதுவும் இருக்காது.

இதே ஒழுங்கு உங்கள் சொந்தத் தாள்களுக்கும் வேண்டும். பணிவரன்முறை ஆணை (நியமனத்தை முறைப்படுத்தும் ஆணை), பவானிசாகர் அடிப்படைப் பயிற்சிச் சான்று, துறைத் தேர்வுத் தேர்ச்சி ஆகியவை பணிப்பதிவேட்டில் ஏறிவிட்டனவா என்று ஆண்டுக்கு ஒருமுறை அதைப் பார்வையிடும்போது சரிபாருங்கள். விடுபட்டிருந்தால் ஆணை எண்ணும் நாளும் குறிப்பிட்டு, நகலை இணைத்து, எழுத்து மூலம் விண்ணப்பித்து, அதற்கு ஒப்புகை பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.